சந்தோஷம் மனசில மட்டும் இல்லை

"சந்தோஷம் வெளியில இல்லை, உங்கட மனசிலதான் இருக்கு." பள்ளிக்கூடத்தில, கம்பஸில, தொழிற்பயிற்சி வகுப்பில எண்டு எங்கட தலைமுறை கேட்டுக் காது புளிச்சுப்போன வசனம் இது. கேட்க இனிமையாத்தான் இருக்கு. ஆனால் இதைவிட வசதியான பொய் வேறொன்றில்லை. சந்தோஷம் உங்கட மனசில எண்டால், சந்தோஷமில்லாததும் உங்கட பிழைதானே! சம்பளத்தைக் கூட்டாத முதலாளியும், வேலை தராத அரசும், வட்டிக்காரனும் தப்பிவிடுவார்கள்.

2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் இலங்கைக்கு 133ஆம் இடம். பின்லாந்து 2018 தொடக்கம் முதலாம் இடம். அவையள் எங்களைவிட நல்லாத் தியானம் செய்யிறதாலயா? நாடுகளுக்கிடையிலான வித்தியாசத்தை அந்த அறிக்கை ஆறு காரணிகளால் விளக்குகிறது: தலா வருமானம், ஆரோக்கியமான ஆயுள், ஆபத்துக்கு உதவ ஆள், தன் வாழ்க்கையைத் தானே தெரிவு செய்யும் சுதந்திரம், கொடுக்கும் குணம், ஊழல். கொடுக்கும் குணம் மனசு சார்ந்தது எண்டே வைப்பம். கொடுக்கவும் கையில ஏதாவது இருக்கவேணுமே.

"அப்ப காசுதான் எல்லாமா?" எண்டு கேட்பீர்கள். இல்லை. ஆபத்துக்கு ஒரு ஆள் வேணும். ஆனால் அந்த ஆளையும் காசு பறிச்செடுக்கும். போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் பரவிய நுண்கடனைப் பாருங்கள். நகையோ காணியோ ஈடு வைக்கத் தேவையில்லை எண்டு சொல்லிப் பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள். ஒருவருக்கு மற்றவர் பிணை. ஒராள் தவணை தவறினால் மற்றவை கட்டவேணும். உண்மையில் ஈடு வைக்கப்பட்டது அயல்தான். சீனி முடிஞ்சால் வேலிக்கு மேலால கிண்ணம் நீட்டின பக்கத்து வீட்டு அக்கா, இப்ப தவணைக்காசு கேட்டுப் படலையில நிக்கிறா. அவவிலயும் பிழையில்லை, அவவின்ர கழுத்திலயும் அதே கயிறுதான்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. பிரச்சினை அதோட முடியவில்லை. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினார்கள். எங்களை மாதிரியே கடனில் தாழ்ந்த சிங்களக் கிராமத்துப் பெண்கள். கடன் பிரிச்சு வைச்ச ஆக்கள் கடனுக்கு எதிராக ஒன்றாக இருந்தார்கள்.

ஆகவே மன உறுதி பற்றி வகுப்பெடுக்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: கடனை அடைக்க ஏலுமான சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்கள். அயலாரைப் பிணையாக்கும் கடனைத் தடைசெய்யச் சொல்லுங்கள். ஊர்களில் தேய்ந்துபோகும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு உயிர்கொடுக்கச் சொல்லுங்கள். அதுக்குப் பிறகு தியானம் சொல்லித் தாங்கோ, ஆறுதலா இருந்து பழகுவம்.