பறையும் கிதாரும் ஒரே மேடையில்!

2018 ஜனவரி 6-ம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 19 கலைஞர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். பறை, சட்டி, கட்ட மோளத்தோடு கிதாரும் டிரம்ஸும் முழங்கின. கானாவும் ராப்பும் கைகோத்தன. டைரக்டர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் இது.

பாட்டுக் கச்சேரிக்குத் தலையங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்!

கானா வடசென்னைக் குடிசைகளின் பாட்டு. உழைப்பாளியின் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்டது. அதே வடசென்னையில்தான் 1921-ல் பக்கிங்காம்-கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளை முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஆதிதிராவிடத் தொழிலாளர்களைத் தனியே பிரித்து வேலைக்கு இழுத்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, தொழிலாளியின் ரத்தம் சிந்தியது, போராட்டம் தோற்றது. ஊரில் தீண்டாமையை விட்டுவைத்து, ஆலை வாசலில் மட்டும் ஒற்றுமை கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நிறவெறி. அங்கும் 1969-ல் கலிபோர்னியாவில் 'வார்' என்ற குழு தோன்றியது. கறுப்புக் கலைஞர்களோடு இங்கிலாந்துப் பாடகர் எரிக் பர்டனும், மவுத்ஆர்கன் வாசித்த டென்மார்க்குக்காரர் லீ ஆஸ்கரும் சேர்ந்தார்கள். ஃபங்க், சோல், ஜாஸ், லத்தீன் இசை எல்லாம் ஒன்றாய்க் கலந்தன.

பெண் கானா பாடலாமா என்ற கேள்விக்கு, சென்னைக் குழுவின் இசைவாணி பாடியே பதில் சொன்னார். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது.

கருவேப்பிலங்குறிச்சி விவசாயத் தொழிலாளர்களே! விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர்களே! பட்டணத்து மேடையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பவரைத் தெருவில் நிறுத்தி, அரைக்கூலி கொடுத்து அனுப்பினால் அது நியாயமா? நாம் கேட்பது மூன்று: அடிக்கவோ மறுக்கவோ அவருக்கு முழு உரிமை, மற்ற மேளக்காரர்களுக்குச் சமமான கூலி, ஊர்த் திருவிழா மேடையில் சமமான இடம்.

நாற்று நடும் கையும் பீங்கான் வார்க்கும் கையும் சேர்ந்து இதைக் கேட்டால் மறுக்க எவராலும் முடியாது. மேடையில் கூடிய தாளம் நம் தெருவிலும் கூடட்டும்!