ஆர்.சி.யில யார் பேரு பாஸ்?

அரியர் பேப்பரெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாரம் வேற ஒரு பேப்பரைப் பத்திப் பேசுவோம். காரணம், ஒரு லெட்டர்!

கள்ளக்குறிச்சி ஹாஸ்டல்ல தங்கி பி.எஸ்ஸி. படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கு. சொந்த ஊர் கல்வராயன் மலையில, வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சின்ன கிராமம்.

"அண்ணா, எங்கப்பா மரவள்ளி போட்டு, சீட்டு எடுத்து ரெண்டு லட்சம் சேர்த்து வெச்சிருக்காரு. போன வருஷம் பாட்டிக்கு ராத்திரியில மூச்சுத் திணறல். வண்டிக்கு வீடு வீடா அலைஞ்சோம். அன்னைக்கே ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிடணும்னு அப்பா முடிவு பண்ணிட்டாரு. இப்போ ரெண்டு வண்டி பார்த்திருக்கோம். ஒண்ணு டி.என். 15, 2012 மாடல். இன்னொண்ணு பாண்டிச்சேரி நம்பர், 2014 மாடல், முப்பதாயிரம் கம்மி. 'ஃபார்ம்ல கையெழுத்து வாங்கித் தந்துடறேன், பேர் மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்'னு புரோக்கர் சொல்றாரு. வீட்டுல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சது நான் மட்டும்தான். எல்லாப் பேப்பரையும் என்கிட்டதான் நீட்டுறாங்க. எனக்குக் கை நடுங்குது. எதைப் பார்க்கணும்னு சொல்லுங்களேன்!"

நடுங்காதம்மா. உன்னை மாதிரி வீட்டுக்கு ஒரு ஆள் பேப்பரைப் படிச்சுப் பார்த்தாலே பாதி ஏமாத்து வேலை நின்னுடும். பானெட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைத் திற. அதுதான் இந்த வாரப் பாடம்.

'அப்புறம் பார்த்துக்கலாம்' ஆபத்து

புரோக்கர் சொல்ற அந்த ஃபார்ம் 29-ம் 30-ம். 29, 'நான் வண்டியை வித்துட்டேன்'னு விக்கிறவர் சொல்றது. 30, 'பேரை மாத்திக் கொடுங்க'ன்னு கேக்குறது. கையெழுத்து மட்டும் போட்டு, தேதியை எழுதாம பீரோவுல வெச்சிருந்தா அது வெறும் காகிதம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்து வண்டின்னா விக்கிறவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்கணும். வாங்குறவருக்கு 30 நாள் டைம்.

மாத்தலைன்னா என்ன ஆகும்? 2018 பிப்ரவரி 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. ஒருத்தர் தன்னோட காரை வித்துட்டார். அது கைமாறி கைமாறி நாலாவது ஆள்கிட்ட போயாச்சு. அங்கே ஒரு விபத்து, ஒரு குழந்தை இறந்துபோச்சு. நஷ்ட ஈடு யார் கொடுக்கணும்? ஆர்.சி.யில இன்னும் முதல் ஆள் பேர்தான் இருந்துச்சு. 'பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர்'னு கோர்ட் சொல்லிடுச்சு. வித்துப் பல மாசம் ஆனவர் தலையில வந்து விழுந்துச்சு பாருங்க!

"அது விக்கிறவர் பிரச்னை, நமக்கென்ன?"னு கேக்கலாம். இருக்கு! கார் இன்ஷூரன்ஸ்ல 'ஓனர் டிரைவர்' விபத்துக் காப்பீடுன்னு ஒண்ணு உண்டு. வண்டி ஓட்டும்போது ஓனருக்கே உயிர் போனா 15 லட்சம் ரூபாய். ஆனா 'ஓனர்'னா ஆர்.சி.யிலயும் பாலிசியிலயும் பேர் இருக்கணும், கையில செல்லுபடியாகுற லைசென்ஸும் இருக்கணும். உங்கப்பா மலையில வண்டி ஓட்டி, ஆர்.சி. வேற ஒருத்தர் பேர்ல இருந்தா... அந்த 15 லட்சத்தை உங்கம்மா கேட்கவே முடியாது. ரெண்டு லட்சம் சேர்த்தவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒரு நடை போகாததால குடும்பம் இதை இழக்கணுமா?

அதே மாதிரி, வண்டி கைமாறினதும் மூணாம் நபர் காப்பீடு கூடவே வந்துடும். ஆனா 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியைப் பேர் மாத்தணும். இல்லைன்னா நம்ம வண்டியோட சேதத்துக்கு கிளெய்ம் பண்ணும்போது சிக்கல்தான். இன்னொண்ணு, 'நோ கிளெய்ம் போனஸ்' பழைய ஓனரோடது. அது வண்டியோட வராது. அதனால பிரீமியம் கொஞ்சம் ஏறும். அதையும் பட்ஜெட்ல போட்டுக்கோ.

அப்பாகிட்ட கார் லைசென்ஸ் இருக்கான்னும் பாரு. டூ வீலர் லைசென்ஸை வெச்சுக்கிட்டு கார் ஓட்டுறவங்க நம்ம ஏரியாவுல நிறையப் பேர்!

பாண்டிச்சேரி ஆசை

இப்போ அந்த முப்பதாயிரம் மேட்டருக்கு வருவோம். பாண்டிச்சேரியில வரி குறைவுன்னு அங்கே பதிவு பண்ணின வண்டிகள் நம்ம பக்கம் நிறைய ஓடுது. ஒரு மாநிலத்து நம்பரை வெச்சுக்கிட்டு இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வெச்சிருந்தா, புது நம்பர் வாங்கியாகணும். அதுக்கு முதல்ல பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஃபார்ம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்கணும். அப்புறம் இங்கே ஃபார்ம் 27. கூடவே, வண்டியோட வயசுக்கு ஏத்தபடி தமிழ்நாட்டு ஆயுள் வரி! அங்கே கட்டின வரியைத் திரும்ப வாங்குறது தனி அலைச்சல்.

அதனால அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி கணக்குப் போடு. வண்டி விலை, ஆயுள் வரி, பேர் மாத்துற செலவு, ரெண்டு ஊருக்கும் அலையுற பஸ் காசு, அப்பாவுக்குக் கூலி போற நாள். கூட்டிப் பார்த்தா அந்த முப்பதாயிரம் லாபம் காணாமப் போக வாய்ப்பு அதிகம். பாண்டி வண்டி வாங்கவே கூடாதுன்னு இல்ல. 'என்.ஓ.சி. கையில வந்தப்புறம்தான் முழுப் பணம்'னு கறாரா சொல்லிடு.

டி.என். 15 வண்டியிலயும் ஒரு கொக்கி இருக்கு. 2012-ல பதிவானதுன்னா 2027-ல 15 வருஷம் முடியுது. அதுக்கு மேல ஓட்டணும்னா வண்டியை ஆர்.டி.ஓ.கிட்ட காட்டி எஃப்.சி. பண்ணி, ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். முன்னாடி 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆயிடுச்சு. பசுமை வரி தனி. டிங்கரிங், பெயின்ட் செலவு அதுக்கும் மேல. இதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். தைரியமா பேசு!

வண்டி மேல லோன் இருக்கான்னு ஆர்.சி.யில பாரு. பேங்க் பேர் இருந்தா, என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி அந்தப் பேரை அடிச்சப்புறம்தான் மத்த பேச்சு. எம்-பரிவாகன் ஆப்ல நம்பரைத் தட்டினா இன்ஷூரன்ஸ் தேதி, ஆர்.சி. தேதி எல்லாம் வந்துடும். பாக்கி அபராதம் இருக்கான்னு இ-சலான் வெப்சைட்ல பார்த்துடு. அஞ்சு நிமிஷ வேலை.

"எங்க வீட்டுல புது கார்தான் பாஸ்"னு சொல்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல ஆயுள் வரி மாறுச்சு. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20. பத்து லட்சத்து வண்டிக்கு 1,30,000 வரி. கொஞ்சம் ஆசைப்பட்டு பத்தரை லட்சத்து மாடலுக்குத் தாவினா 1,89,000! அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் ஆசைப்படுறதுக்கு முன்னாடி இதை அப்பா காதுல போட்டுடுங்க.

மெக்கானிக்கோட ஒரு காலை

பேப்பர் ஓகேவா? இப்போ பானெட். தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ. அவருக்குக் கொடுக்குற சில நூறு ரூபாய் வீண் இல்ல. காலையில இன்ஜின் சில்லுனு இருக்கும்போதே போயிடணும். விக்கிறவர் முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா உஷார்! ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. கறுப்புன்னா பெட்ரோல் சரியா எரியலை. சூடானப்புறமும் வெள்ளைப் புகை திக்கா வந்துக்கிட்டே இருந்தா கூலன்ட் உள்ளே போகுதுன்னு சந்தேகப்படலாம்.

2024 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஃபெஞ்சல் புயல் மழையில விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கமெல்லாம் வெள்ளம் வந்துச்சே. தண்ணியில நின்ன வண்டிகளும் பாலீஷ் போட்டு விலைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாரு, சேறு கறை தெரியும். மேட்டைத் தூக்கி மோந்து பாரு. சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப்போகுதான்னு ஒவ்வொரு எழுத்தா சரிபாரு.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் மலைக்கு ஆகாது.

முக்கியமா, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா அது டெஸ்ட் டிரைவ் இல்ல. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை பக்கமா நாலு பேரை ஏத்திக்கிட்டு மலையில கொஞ்ச தூரம் ஏத்திப் பாருங்க. கிளட்ச் தேய்ஞ்சிருந்தா இன்ஜின் கத்தும், வண்டி நகராது. சூட்டு முள் மேலே ஏறுதான்னு பாரு. உங்க வண்டியோட வாழ்க்கை அந்த ரோட்டுலதானே!

ஏத்தம், இறக்கம்

வாங்கியாச்சு. இனி மலை மேல குடித்தனம்.

இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு, இன்ஜினையும் ஆஃப் பண்ணி உருட்டுறவங்களைப் பார்த்திருப்பே. செய்யவே கூடாது! இன்ஜின் நின்னா பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி நாலஞ்சு மிதியிலயே தீர்ந்துடும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும்ங்கறது பழைய டிரைவருங்க கணக்கு. இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மட்டும் நம்பி மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி, பிரேக் ஆயில் கொதிச்சு, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போயிடும். அந்த ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், ஈரம் சேரச் சேர சீக்கிரம் கொதிக்கும். அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும்.

குறுகலான இடத்துல எதிர்ல வண்டி ஏறி வந்தா, இறங்குறவர்தான் நின்னு வழி விடணும். இது மரியாதை மட்டும் இல்ல, சாலை விதி.

கடைசியா ஒண்ணு. ஊர்ல கார் வந்துட்டா வாடகைக்குக் கேப்பாங்க. உங்களது ஓன் போர்டு வண்டி. ஆபத்துக்கு யாரையாவது ஏத்திட்டுப் போறது புண்ணியம். ஆனா காசு வாங்கி ட்ரிப் அடிச்சா பெர்மிட் இல்லாத வாடகை வண்டி ஆயிடும். அந்த நேரம் பார்த்து விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். அப்பாகிட்ட இதை இப்பவே சொல்லி வை.

தங்கச்சி, அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்குற நாள்ல நீ லீவு போட்டுட்டுப் போ. ஃபார்ம் 29, 30-ல தேதியை உன் கையாலயே எழுது. விக்கிறவரோட ஆதார், பான் நகல் வாங்கிக்கோ. கடைசி இருபதாயிரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, 'பேர் மாறினதும் தர்றோம்'னு எழுதி வாங்கிடு. புரோக்கர் முறைப்பாரு. முறைக்கட்டும்!

புது ஆர்.சி. கார்டு வந்ததும் அப்பா பேரை அவருக்கு ஒரு தடவை சத்தமா படிச்சுக் காட்டு. பாட்டியும் கேக்கட்டும்.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம் ஃப்ரெண்ட்ஸ். அதுக்குள்ள உங்க வீட்டு வண்டியோட ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. யார் பேர் இருக்கு பாஸ்?