பிரின்சிபாலுக்கு எதற்கு கேட்மியம் சல்ஃபைடு?

போன வாரம் என் பழைய மாணவி ஒருவர் போன் செய்தார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் துணை முதல்வராக இருக்கிறார். வயது நாற்பத்தாறு. வேதியியலில் பிஎச்.டி. ஏற்கெனவே உண்டு. "சார், எட்.டி. பண்ணலாம்னு இருக்கேன். உயர்கல்வித் தலைமை, நிர்வாகம் சம்பந்தமா. அமெரிக்க யுனிவர்சிட்டி ஒண்ணு, ஆன்லைன்ல. வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். யோசித்துச் சொல்கிறேனம்மா என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை நடையில் இதைச் சொன்னேன். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் உண்டு. "எட்.டி.யா? அது டாக்டரேட்டே இல்லையேய்யா. பிஎச்.டி. பண்ண முடியாதவங்க பண்றது" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். படிக்கட்டும்.

நான் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியவன். கேட்மியம் சல்ஃபைடு மென்படலங்கள். ஆறு வருடம் கண்ணாடித் தகடுகளோடு குடும்பம் நடத்தினேன். அந்தப் பட்டமும், வருட சீனியாரிட்டியும் சேர்ந்து ஒரு நாள் என்னை முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தன. முதல் வாரமே சூப்பரின்டென்டென்ட் ஒரு கட்டு ஃபைலோடு வந்து நின்றார். டிரெஷரி திருப்பி அனுப்பிய சம்பள பில், ஆடிட் அப்ஜெக்ஷன், உயர் நீதிமன்ற வழக்குக்கு எதிர்மனு, விடுதி மெஸ் பாக்கி. எல்லாவற்றிலும் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கேட்மியம் சல்ஃபைடு எந்த ஃபைலிலும் உதவவில்லை.

யுஜிசியின் 2018 விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். கல்லூரி முதல்வராக பிஎச்.டி. வேண்டும், 15 ஆண்டு அனுபவம் வேண்டும், 10 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். ஒரு கல்லூரியின் வரவு செலவைப் படிக்கத் தெரியுமா, பையன்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரியுமா என்று அந்தத் தகுதிப் பட்டியலில் ஒரு கேள்வி கிடையாது. பஸ் ஓட்ட ஆள் எடுக்கும்போது லைசென்ஸ் கேட்காமல் எம்.ஏ. தமிழ் கேட்பது போல இருக்கிறது.

"அனுபவத்துல கத்துக்க வேண்டியதுதானே" என்பார் நண்பர். முதல்வர் பதவிக் காலம் ஐந்து வருடம். அதில் கற்றுக்கொள்ளவே இரண்டு வருடம் போகிறது. அந்த இரண்டு வருடத்துக்கு விலை கொடுப்பது யார்?

என் கதையைச் சொல்கிறேன். நான் முதல்வராக இருந்தபோது ஒரு வருடம் பி.எஸ்சி. இயற்பியலில் அறுபது பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் வருடத்தில் நாற்பத்தொரு பேர். பத்தொன்பது பேர் எங்கே என்று நான் கேட்கவில்லை. படிப்பு ஏறாதவர்கள் போய்விட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ரிடையர் ஆகி நாலு வருடம் கழித்து வீட்டுக்கு வாட்டர் கேன் கொண்டுவந்த லோடு வண்டிக்காரர் "சார், நான் உங்க காலேஜ்தான், ஒரு வருஷம்" என்றார். ஏன் நின்றாய் தம்பி என்றேன். லேப் முடிவது நாலரை. அவர் ஊருக்கு பஸ் நாலே கால். அதை விட்டால் ஏழு மணிக்குத்தான். வீடு போய்ச் சேர ஒன்பதாகிவிடும். மாட்டைப் பார்க்க ஆளில்லை. லேபை விட்டு ஓடினால் அட்டெண்டன்ஸ் போய்விடும். "ஒரு அவர் முன்னாடி வச்சிருந்தீங்கன்னா படிச்சிருப்பேன் சார்." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கேனை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

டைம்டேபிளை மாற்றும் அதிகாரம் என் கையில்தான் இருந்தது. கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை. என் ஆறு வருட ஆய்வில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

எட்.டி. என்ற படிப்பு இதைத்தான் சொல்லித்தர முயல்கிறது. ஹார்வர்டு 1921இலேயே அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். காலப்போக்கில் அது பிஎச்.டி.யின் நீர்த்த நகலாகிவிட்டது. கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் 2005இல் பள்ளித் தலைமைப் படிப்புகளைப் பற்றி எழுதிய அறிக்கையில், எட்.டி.யை ஒழித்துவிட வேண்டும் என்றே சொன்னார். ஆனால் அதோடு கதை முடியவில்லை. 2007இல் கார்னெகி திட்டம் ஒன்று தொடங்கி, பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்தப் பட்டத்தைத் திருத்த உட்கார்ந்தன. வேலையில் இருப்பவர், தான் வேலை பார்க்கும் இடத்தில் உள்ள ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்து, காரணம் கண்டு, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, பலித்ததா இல்லையா என்று எழுத வேண்டும். அதுதான் ஆய்வேடு. என் பத்தொன்பது பேர் அப்படி ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

"நம்ம ஊர்ல வந்தா அதையும் காசுக்கு விப்பாங்க" என்பது அடுத்த வாதம். பிஎச்.டி. ஆய்வேடு இன்று விற்கவில்லையா? யாரோ எழுதிய மென்படல ஆய்வை வாங்கிச் சமர்ப்பித்தால் கண்டுபிடிக்க நாட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். தன் கல்லூரியைப் பற்றி ஒருவர் பொய்யாக எழுதினால் அந்தக் கல்லூரி கிளார்க்கே பிடித்துவிடுவார்.

இதில் என் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை, அவரை அமெரிக்கா பக்கம் பார்க்க வைத்தவர்கள் மேல். இங்கே அப்படி ஒரு படிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022இல் எச்சரித்தன. எச்சரித்தது சரி. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி. செய்யலாம் என்று அதே 2022இல் விதி போட்டவர்களுக்கு, கல்லூரி நடத்துவதற்கென்று ஒரு டாக்டரேட்டை இங்கேயே தொடங்க என்ன தடை? மதுரையிலோ கோவையிலோ மாதம் இரண்டு சனி ஞாயிறு வகுப்பு வைத்தால் போதும். முதல்வராகத் தகுதி என்று அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 10 கட்டுரைகளுக்குப் பதிலாக, தன் கல்லூரியில் சரிசெய்த ஒரு காரியத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நேற்று அந்த மாணவியைக் கூப்பிட்டேன். பணம் கட்டுவதற்கு முன் விசாரியம்மா, அந்தப் பட்டத்தை வைத்து இங்கே பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்பிச் சேராதே என்றேன். "அது தெரியும் சார். பதவிக்காக இல்லை" என்றார். சரி, எந்தப் பிரச்சினையை எடுப்பாய் என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "முதல் வருஷம் பொங்கல் லீவுக்குப் போற பொண்ணுங்கள்ல சிலர் திரும்பி வர்றதே இல்ல சார். போன வருஷம் பதினொரு பேர். பேரெல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

சேர்ந்துவிடு என்றேன்.