கைராசியும் பட்டமும்

நம் ஊர்களில் ஒரு மருத்துவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அவருடைய பட்டத்தைக் குறித்ததன்று. பெயர்ப்பலகையில் எத்தனை எழுத்துகள் வரிசை கட்டி நின்றாலும், 'கைராசிக்காரர்' என்று நாலு பேர் சொன்னால்தான் திண்ணையில் கூட்டம் சேரும். இந்தச் சொல்லை நெடுநாளாக நான் ஐயத்தோடு பார்த்து வருகிறேன். ராசி என்பது கற்றுக்கொள்ளத் தக்கதன்று, கற்பிக்கத் தக்கதுமன்று. அது ஒருவருக்கு வாய்ப்பது. சுளுக்கு வழிக்க இரட்டைப் பிள்ளை பெற்றவளைத் தேடிப் போகும் வழக்கத்தில் இருப்பதும் இதே நம்பிக்கைதான். அங்கே கைக்குப் பயிற்சி வேண்டாம். பிறப்போ பேறோ போதும்.

கையின் மேல் உள்ள இந்த நம்பிக்கையைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? கைரோபிராக்டிக் எனும் துறையின் நூற்று முப்பது ஆண்டு வரலாறு இந்தக் கேள்விக்கான நீண்ட விடைதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர், 'பொறியியல் வேண்டாமாம், முதுகெலும்பைச் சரிசெய்கிற அந்தப் படிப்புக்கு வெளிநாடு போகிறேன் என்கிறான், அனுப்பலாமா?' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழாசிரியனிடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றலாம். ஆனால் ஒரு பாடத்திட்டத்தைப் பார்த்து அதில் எது அறிவு, எது வழிபாடு என்று பிரித்தறியும் சங்கடம் எங்கள் துறைக்குப் பழக்கமானதே.

பெயரிலிருந்து தொடங்கலாம். கிரேக்க மொழியில் 'கையால் செய்யப்படுவது' என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் இது. தமிழில் 'கைவினை' என்றால் ஏறத்தாழப் பொருந்தும். 1895ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், டி.டி. பாமர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தினார். பல்லாண்டுகளாகக் காது மந்தமாயிருந்த லில்லார்டுக்குக் கேட்கத் தொடங்கியது என்பது துறையின் தோற்றக் கதை. பாமர் அதற்குமுன் மளிகைக் கடை வைத்திருந்தவர். பிறகு காந்த சிகிச்சை செய்தவர். கேட்கும் நரம்பு முதுகெலும்பின் வழியே செல்வதில்லை, மூளைத்தண்டிலிருந்து நேரே காதுக்குப் போகிறது என்று இன்று முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான். கைரோபிராக்டிக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும்தான். இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முள்ளெலும்புகள் சற்றே விலகி நரம்பைத் தடுப்பதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன, உடலுக்குள் உறையும் ஓர் இயல்பறிவு தடையின்றிப் பாய்ந்தால் உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது பாமரின் கொள்கை. 1897இல் அவர் பள்ளி தொடங்கினார். 1906இல் உரிமமின்றி வைத்தியம் பார்த்ததற்காகச் சிறை சென்றார். மகன் பி.ஜே. பாமர் அதை நிறுவனமாக வளர்த்தார்.

இதற்கடுத்து நடந்ததுதான் என்னைக் கவர்ந்த செய்தி. 1907இல் விஸ்கான்சின் மாநிலத்து லாக்ராஸ் நகரில், பாமர் பள்ளியில் படித்த மோரிகுபோ என்ற ஜப்பானியர் மீது உரிமமின்றி ஆஸ்டியோபதி செய்ததாக வழக்கு வந்தது. அதுவும் எலும்பைக் கையால் நெறிப்படுத்தும் இன்னொரு முறை. 'எங்களுடையது வேறு, எங்களுக்குத் தனித் தத்துவம் இருக்கிறது' என்று எதிர்வாதம் வைக்கப்பட்டது. மோரிகுபோ விடுதலையானார். அன்றிலிருந்து தத்துவம் என்பது இத்துறைக்குக் கேடயமாயிற்று. சிறைக்குப் போகாமலிருக்கத் தேவைப்பட்ட வாதம் மெல்ல மெல்லப் பாடத்திட்டத்தில் ஒரு தாளாகி, தேர்வுக்குரிய உண்மையாகவும் ஆகிவிட்டது. ஒரு துறையின் கோட்பாடு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததா, நீதிமன்றத்தில் பிறந்ததா என்று கேட்டுப் பார்ப்பது மாணவனுக்கு நல்லது.

இன்று அந்தப் பாடத்திட்டம் எளிதானதன்று. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி, நான்காண்டு முழுநேரப் படிப்பில் 4200 மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பும், அதில் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் மருத்துவப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. உடலறுத்துக் கற்கும் உடற்கூறியல், நரம்பியல், எக்ஸ்ரே வாசிப்பு, நோயறிதல் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் பட்டத்தோடு தேசியத் தேர்வுகளையும் பல கட்டங்களில் கடந்து, அதன்பின் மாநில உரிமம் பெற வேண்டும். 'சும்மா முதுகைத் தட்டுகிற படிப்பு' என்று எள்ளுபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் சில கல்லூரிகளில் அதே மாணவன் காலையில் உடற்கூறியலும் மாலையில் பாமரின் இயல்பறிவும் படிக்கிறான். இரண்டும் ஒரே மதிப்பெண் பட்டியலில் ஏறுகின்றன. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கைரோபிராக்டிக் பேரவையே, முள்ளெலும்பு விலகல் நோய்க்குக் காரணம் என்ற கருத்துக்கு மருத்துவச் சான்று இல்லை என்று 2010இல் அறிவித்தது. தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பு, தொழிலின் மூலக் கருத்தை ஒதுக்கி வைக்கிறது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். எங்கள் துறையில் இத்தகைய துணிவுக்குக் கிடைத்த மரியாதை எனக்குத் தெரியும். தமிழ் நூல்களின் காலத்தைப் பின்தள்ளிக் கணித்ததற்காக ச. வையாபுரிப் பிள்ளை வாங்கிய வசை கொஞ்சமல்ல. அவருடைய கணிப்புகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை, நானும் ஏற்பதில்லை. ஆனால் அப்படிக் கணிக்க ஒருவருக்கு இடமிருந்ததால்தான் அந்தத் துறை பல்கலைக்கழகத் துறை. இல்லையேல் அது மடம்.

இங்கேதான் என் கட்சியைச் சொல்லிவிட வேண்டும். 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சட்டமன்றம், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் கல்லூரி தொடங்க நிதி ஒதுக்கியது. பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். சோதிடப் பள்ளியும் இன்ன பிறவும் வருங்கால வளாகத்தில் இடம்பெறுவதாகக் கேலி வரைபடம் ஒன்றும் சுற்றுக்கு வந்தது. 2005 ஜனவரியில் ஆளுநர் குழு திட்டத்தை நிராகரித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் இதே போன்ற இணைப்பு முயற்சி நிறைவேறாமல் போயிற்று. அறிவியலின் வெற்றி என்று இவை கொண்டாடப்பட்டன. அந்தப் பேராசிரியர்களின் கோபம் எனக்குப் புரிகிறது; கேலி வரைபடத்தை ரசிக்கவும் முடிகிறது. ஆனால் முடிவு தவறு என்றே எண்ணுகிறேன். கதவை அடைத்ததால் துறை மறைந்துவிடவில்லை. மாணவர்கள் வேறு எங்கே போனார்கள்? ஒரே துறை மட்டும் நடக்கும் தனிக் கல்லூரிகளுக்கு. அங்கே பக்கத்துக் கட்டடத்தில் இயற்பியல் துறை கிடையாது. தேநீர் நேரத்தில் 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டு எரிச்சலூட்டும் உயிரியல் பேராசிரியர் கிடையாது.

கதவை அடைப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, அதைவிடக் கடுமையாக. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவத்துக்கு எதிரான குழுவொன்றை அமைத்து, கைரோபிராக்டிக் தொழிலை ஒழிப்பதையே அதன் முதன்மை வேலையாகக் கொண்டிருந்தது. செஸ்டர் வில்க் உள்ளிட்ட கைரோபிராக்டர்கள் 1976இல் வழக்குத் தொடுத்தனர். 1987இல் நீதிபதி சூசன் கெட்ஸென்டானர் சங்கம் சட்டத்துக்குப் புறம்பாகப் புறக்கணிப்பு நடத்தியது என்று தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக் அறிவியல் முறைப்படி சரி என்று அவர் சொல்லவில்லை. அதைத் தெளிவாகவே விலக்கி வைத்தார். தொழில் செய்யும் உரிமையை நீதிமன்றம் தரலாம், உண்மையைத் தர முடியாது. பிரிட்டனில் பின்னர் இது தலைகீழாக நடந்தது. குழந்தைகளின் நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லப்பட்டவற்றை 2008இல் விமர்சித்த சைமன் சிங் மீது அங்குள்ள கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டு, 2010இல் பின்வாங்கியது.

இதற்கெல்லாம் மாற்றாக டென்மார்க்கைச் சொல்வேன். ஓடென்ஸே நகரில், இன்று தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்தில், 1994 முதல் இத்துறை மாணவர்கள் முதல் ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ். போன்ற படிப்பு மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். படிப்பின் பெயரே மருத்துவ உயிர்விசையியல் என்ற பொருளில் அமைந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகம் 2008இல் இதை மருத்துவப் புலத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. உடன் படித்தவன் நாளை அறுவை மருத்துவனாகப் போகிறவன் என்றால், அவன் முன்னால் 'எல்லா நோய்க்கும் முதுகே மூலம்' என்று எவனும் வாய் திறக்க மாட்டான். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுக்களால் ஆகாததைப் பக்கத்து இருக்கை செய்துவிடும்.

சரி, கை? அது எப்படிக் கற்கப்படுகிறது? சிறு தூரத்தில், மிக விரைவாக, அளவான விசையோடு ஒரு மூட்டை உந்துவது இத்தொழிலின் மையத் திறன். மாணவர்கள் ஒருவர்மீது ஒருவர் பயில்கிறார்கள். விசையை அளந்து திரையில் காட்டும் மேசைகளும் சில கல்லூரிகளில் உண்டு. 'இன்னும் கொஞ்சம் மெதுவா' என்று ஆசான் சொல்வதன் இடத்தில் ஒரு வரைகோடு. கைராசி என்பது எண்ணாக மாறும் கணம் அது. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் நூற்றெட்டு இடங்களைத் தொட்டுக் காட்டித் தலைமுறையாகக் கற்பித்தார்கள். எவ்வளவு அழுத்தம் என்பது ஆசானின் விரலிலிருந்து மாணவனின் உடலுக்கு நேராக இறங்கியது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது மரபு மருத்துவத்துக்குப் பட்டம் வந்தது. பட்டத்தோடு அந்த விரலும் வந்ததா என்பதை அத்துறை நண்பர்கள் எழுத வேண்டும்.

அந்தச் 'சடக்' ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் ஓடும் கைரோபிராக்டிக் காணொளிகளுக்கு உயிரே அதுதான். முடிதிருத்தும் நிலையத்தில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துவிட்டால் நமக்கும் பாரம் இறங்கியதுபோல் இருக்கும். எலும்பு இடத்தில் உட்கார்ந்த ஓசை என்று எல்லாரும் நம்புகிறோம். அது அப்படியன்று. மூட்டின் பரப்புகள் சட்டென விலகும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயு இடைவெளி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் சொடுக்கி இதைப் படம் பிடித்தார்கள். ஒலிக்கும் குணத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஒலியை நம்பி வரும் நோயாளிக்கு இதைச் சொல்கிற கைரோபிராக்டர் எத்தனை பேர் என்பது வேறு.

முதுகுவலிக்கு இந்தச் சிகிச்சையால் பயனே இல்லையா என்றால், உண்டு. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு முதுகுவலிக்கு மருந்துக்கு முன் முயலத்தக்க முறைகளில் இதையும் சேர்த்திருக்கிறது. உடற்பயிற்சி முதலியவற்றோடு ஒன்றாக. பயன் மிதமானது. ஆஸ்துமாவுக்கும் காதுவலிக்கும் நீட்டும்போதுதான் தொழில் தன் மரியாதையை இழக்கிறது. கழுத்தை வேகமாகத் திருப்புவதில், அரிதாகவே என்றாலும், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும் என்ற அச்சமும் நெடுநாளாக இருக்கிறது.

ஆகவே இப்படிப்பில் நான் பெரிதாக மதிப்பது உந்தும் கலையை அன்று, உந்தாமலிருக்கும் கலையை. முதுகுவலி என்று வருபவரில் ஒருவருக்கு முதுகெலும்பில் காசநோய் இருக்கும்; நம் நாட்டில் இது கதையல்ல. இன்னொருவருக்கு வேறெங்கோ தொடங்கிய புற்று எலும்புக்குப் பரவியிருக்கும். மூன்றாமவர் எலும்பு மெலிந்த மூதாட்டி. கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு இழந்து வருபவரை அந்த மணி நேரத்திலேயே அறுவை மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். இவர்கள்மேல் கையை வைக்கக் கூடாது என்று அறிவதற்குத்தான் அந்த 4200 மணி நேரம். கைராசிக்காரர் எல்லாரையும் தொடுவார். அவரிடம் வந்தவர்களில் குணமானவர்கள் மட்டுமே திரும்ப வந்து ஊருக்குச் சொல்வார்கள்.

பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான். வெளிநாட்டிலேயே தொழில் செய்வதென்றால், அந்நாட்டின் உரிமத்துக்கு அந்தப் பட்டம் செல்லுமா என்று முதலில் பாருங்கள். மலேசியாவில் கோலாலம்பூரின் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகத்தில் 2010 முதல் இப்படிப்பு இருக்கிறது. அந்நாட்டின் 2016ஆம் ஆண்டு மரபு மருத்துவச் சட்டம் சித்த மருத்துவம் அடங்கிய இந்திய மரபு மருத்துவத்தையும் கைரோபிராக்டிக்கையும் ஒருங்கே நெறிப்படுத்துகிறது. இந்தியாவில் இப்பட்டத்தைப் பதிவு செய்யத் தனி மன்றம் கிடையாது. முறையாகப் படித்துத் திரும்புபவனும், நாலு காணொளி பார்த்துப் பலகை மாட்டியவனும் இங்கே ஒரே தெருவில் ஒரே பெயரோடு உட்காரலாம். நோயாளிக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. இங்கேதான் வாழப்போகிறான் என்றால் பிசியோதெரபி படிக்கட்டும். மூட்டைக் கையாளும் பயிற்சி அதிலும் உண்டு, பெயருக்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தோடு இன்னொன்றையும் விசாரிக்கச் சொல்கிறேன். வலியில்லாத மனிதனை ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கட்டவைத்து வாரந்தோறும் வரவழைப்பது எப்படி என்று அங்கே வகுப்பு நடக்கிறதா? மேலைநாடுகளில் கல்விக்கடனோடு வெளியே வரும் இளைஞன் பெரும்பாலும் சொந்தச் சிகிச்சையகம் வைத்தே பிழைக்க வேண்டும். கடன் தவணை வரும் மாதத்தில், 'உங்களுக்கு இனி நான் தேவையில்லை' என்று நோயாளியிடம் சொல்வது உடற்கூறியல் தேர்வைவிடக் கடினம்.