பிள்ளைக்கு சைக்கிள் கொடுத்தீங்க, ஓட்ட வழி எங்கே?

கீழ்பவானி வாய்க்கால் கரையில் நடைபாதை, சைக்கிள் பாதை கேட்டு உழவர் சங்கத்தின் அறைகூவல்

  

காலை எட்டு மணிக்குப் பெருந்துறைப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் போய் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்க. முதுகில் புத்தகப் பை, கைப்பிடியில் சோத்துப் போசி, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஜல்லியில் ஓட்டிக்கிட்டு வருவாங்க. கேரளா லாரி ஒன்று கடந்தால் அந்தக் காற்றிலேயே சைக்கிள் ஆடும். பெற்றவங்களுக்குப் பிள்ளை சாயந்தரம் வீடு திரும்பும் வரைக்கும் வயிற்றில் நெருப்பு.

அந்த ரோட்டுக்கு அடியிலே ஓடுகிறது நம் வாய்க்கால். அதன் கரை மேலே வண்டி இல்லை, லாரி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையால் அதில் ஓட்ட முடியாது. சீமைக்கருவேல முள், உடைந்த பாட்டில், கோழிக்கடைக் கழிவு, மழை அறுத்த பள்ளம். பவானிசாகரிலிருந்து கரூர் மாவட்டம் வரைக்கும் 200 கிலோமீட்டர் கரை இருக்கிறது. பிள்ளை போக ஒரு பாதை இல்லை. இது யார் குற்றம்?

கணக்கைப் பாருங்க. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். தமிழ்நாட்டில் மொத்தச் சாவு 17,884. இது நாம் சொல்கிற கணக்கு இல்லை, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அச்சடித்த கணக்கு. ஐந்து சாவில் ஒரு சாவு, கால்நடையாகப் போனவன் சாவு. காரில் போகிறவனுக்கு ஆறு வழி, எட்டு வழி. நடக்கிறவனுக்கு ஒரு வழியும் கிடையாது!

இந்த அரசாங்கங்கள் சைக்கிளைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல மாட்டோம். 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரித்தார்கள். ஆட்சி மாறினாலும் திட்டம் மாறவில்லை, அதைப் பாராட்டுகிறோம். 2022-23ல் மட்டும் 6.35 லட்சம் பிள்ளைகளுக்கு 323 கோடி ரூபாயில் சைக்கிள். நல்லதுங்க. ஆனால் மாடு வாங்கிக் கொடுத்தவன் கட்டுத்தறிக்கு இடம் காட்ட வேண்டாமா? சைக்கிள் கொடுக்க 323 கோடி இருக்கிறது, அது ஓடுவதற்கு மூன்று மீட்டர் அகலத்தில் கிராவல் பாதை போடப் பணம் இல்லையாம்.

பாதை கேட்டுப் போனபோது ஓர் அதிகாரி நம்மைக் கேட்ட கேள்வி இது: "வாக்கிங் போறதெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரமுங்க, உங்களுக்கு எதுக்கு?" பெயர் வேண்டாம். காலையில் பால் கேனைத் தூக்கிக்கிட்டு சொசைட்டிக்கு நடக்கிற பெண், ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து இருட்டில் வருகிற பிள்ளை, மடையைத் திருப்ப மம்மட்டியோடு ராத்திரி ரெண்டு மணிக்குப் போகிற கிழவர், நூறு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போகிறவர், இவர்கள் எல்லாம் போவது வாக்கிங் இல்லையாம்! உடம்பு இளைக்க நடந்தால்தான் அரசாங்கத்தின் கண்ணுக்கு நடை. பிழைக்க நடந்தால் அது கணக்கில் வராது.

டவுன்காரங்களுக்கு எப்படிச் செய்தார்கள் என்று பக்கத்துக் கோவையைப் பாருங்க. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை வந்தது. மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி வரை, அதற்கு ஈடாக மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும் என்று ஏற்பாடு. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று குளக்கரை எல்லாம் நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு, பெஞ்சு வந்தது. அந்த ஊர் மக்கள் நடக்கட்டும், நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தக் குளங்கள் ஒரு காலத்தில் யாருடைய குளங்கள்? நொய்யல் தண்ணீரை வாங்கி வயலுக்குக் கொடுத்த பாசனக் குளங்கள். கரையைக் கல்லும் கான்கிரீட்டுமாக அடைக்காதே என்று அந்த ஊர்க்காரர்களே கத்தினார்கள். ஆயக்கட்டு போன பிறகு குளம் பூங்கா ஆகிவிட்டது. நம் வாய்க்கால் அப்படி ஆகக் கூடாது என்பதால்தான் யாரோ வந்து திட்டம் போடுவதற்கு முன்னால் நாமே திட்டத்தோடு வருகிறோம்.

நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். "ரோடு போட்டா கண்டவன் வருவான், தேங்காய் போயிரும், மோட்டார் ஒயர் போயிரும்." இதை அலட்சியம் செய்ய மாட்டோம். ஆனால் இப்போது என்ன நடக்கிறது? முள் மூடின கரையில்தான் ராத்திரி மண் வண்டி வருகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறான். திருடனுக்குத் தேவை புதர், நல்ல பாதை இல்லை. இன்னும் சிலர் வாய் திறக்காமல் எதிர்க்கிறார்கள். காரணம் நமக்குத் தெரியும்: அவர்கள் வேலி கரைக்கு உள்ளே வந்துவிட்டது. நம் சங்கத்துக்காரராக இருந்தாலும் சொல்கிறோம், கரை புறம்போக்கு யார் பாட்டன் சொத்தும் இல்லை. அளந்து கல் நட்டால் எல்லோரும் வேலியைப் பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நமக்குக் கரை என்றால் என்ன என்று பட்டணத்துத் திட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈஸ்வரன் போன்ற தியாகிகள் போராடி, 1948ல் தொடங்கி 1955ல் முடிந்த அணை. 2,07,000 ஏக்கர் பாசனம். அதை இரண்டாகப் பிரித்து ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை என்று முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறோம். இத்தனைக்கும் ஆதாரம் ஒரு மண் கரை. ஒரு நண்டு வளை போதும், ஒரு எலி வளை போதும். முதலில் வெளிச் சரிவில் ஈரம் கசியும், பிறகு கலங்கல் தண்ணீர் வரும், அப்புறம் மண் சரியும். கரை உடைந்தால் கீழே இருப்பவன் பயிர் முழுகும், கடைமடைக்காரன் பயிர் காயும். ஒரே உடைப்பில் இரண்டு பேரும் சாகிறோம்.

அந்த முதல் ஈரத்தைப் பார்ப்பது யார்? ஒரு காலத்தில் லஸ்கர் பார்த்தார். சைக்கிளில் கரை மேலேயே போவார், தன் பாகத்து மதகு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். அந்தப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன, இருக்கிறவருக்கும் கரை மேலே போக வழி இல்லை, ரோட்டைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. கரைப்பாதை போட்டால் தினம் ஆயிரம் கண் கரையைப் பார்க்கும். பள்ளிக்கூடப் பிள்ளை கூட "கரையில தண்ணி ஊறுதுங்க" என்று வந்து சொல்லும். ஆகவே இது பூங்காத் திட்டம் இல்லை. கரையைக் காக்கிற திட்டம், அதிலேயே பிள்ளைகளும் போகலாம், அவ்வளவுதான்.

அதனால் பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். தார் வேண்டாம், கான்கிரீட் வேண்டாம், டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மேலே பலகை போட்டு மூடினால் அடியில் உள்ள வளை தெரியாது. கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கினால் போதும். தூர் வார பொக்லைன் வந்தாலும் மறுபடி சரி செய்துகொள்ளலாம். கரைச் சரிவில் மரம் நட்டு போட்டோ எடுக்காதீர்கள். வேர் அழுகினால் அதுவே தண்ணீருக்கு வழி. நிழலுக்கு மரம் வேண்டுமானால் கரை அடிவாரத்துக்கு அப்பால் புங்கன், வேம்பு வையுங்கள். ஊர் ரோடு சேரும் ஒவ்வொரு இடத்திலும் கல் நட்டு டிப்பர் லாரியைத் தடுக்க வேண்டும். நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வழி, ஆயக்கட்டுக்காரர் வண்டிக்கும் டிராக்டருக்கும் வழி, மற்றவனுக்கு இல்லை. நெடுஞ்சாலையைக் கடக்கிற இடத்தில் பிள்ளைகள் மேலே ஏறி ஓடக் கூடாது, அடியில் தனி வழி வேண்டும். அந்தச் செலவு நெடுஞ்சாலைக்காரர்களுடையது. சுங்கம் வாங்கத் தெரிகிறதல்லவா?

வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை 184 மைல் பழைய கால்வாய். 1924 வெள்ளத்தோடு படகு நின்றுபோய்க் கிடந்தது. அதன் மேல் கார் ரோடு போடத் திட்டம் வந்தது, பெரிய பத்திரிகை ஒன்றும் அதை ஆதரித்து எழுதியது. அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், எழுதினவரை "வந்து என்னோடு நடந்து பார்" என்று கூப்பிட்டு, 1954ல் எட்டு நாள் கரையில் நடந்தார். கார் ரோடு கைவிடப்பட்டது; 1971ல் அந்தக் கரை தேசியப் பூங்கா ஆனது, இன்றும் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதே நாட்டில் நியூயார்க் மாநிலம் 2017ல் 20 கோடி டாலர் என்று அறிவித்து, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தடத்தை 2020 முடிவில் திறந்தது. அதில் பாதிக்கு அருகில் ஈரி கால்வாய்த் தடம். துண்டு துண்டாக, எம்.எல்.ஏ. பெயர்ப் பலகைக்கு ஒரு கிலோமீட்டர் என்று அவர்கள் செய்யவில்லை. முழு நீளத்துக்கும் ஒரே திட்டம், ஒரே கெடு, முன்கூட்டியே பணம்.

பணத்துக்கு வருவோம். "நிதி இல்லை" என்ற பாட்டை எத்தனை வருடம் கேட்பது? சைக்கிளுக்குச் செலவிடும் தொகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாயைச் சைக்கிள் பாதைக்கு என்று ஒதுக்கட்டும். 2022-23 கணக்கில் அதுவே 16 கோடி. கிராம ரோட்டுக்கும் பாலத்துக்கும் பாசனத்துக்கும் கடன் கொடுக்கவே 1995-96லிருந்து நபார்டில் ஊரகக் கட்டமைப்பு நிதி இருக்கிறது. கரைப்பாதை இந்த இரண்டுக்கும் பொருந்தும், விண்ணப்பிக்க வேண்டியது மாநில அரசு. முள் வெட்ட, மண் நிரவ நூறு நாள் வேலை ஆட்கள் இருந்தார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை மாற்றி, செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலத்தின் தலையில் வைத்துவிட்டது மத்திய அரசு. நீ கொடு, நான் கொடு என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு நம் கரை வேலையை நிறுத்தக் கூடாது. கம்பெனிகள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கம்பெனி பெயரில் ஒரு வளைவு கூட வைக்க விடமாட்டோம். இன்றைக்கு வளைவு, நாளைக்கு கேட், நாளன்றைக்கு டிக்கெட்.

ஒன்று முக்கியம். வாய்க்காலில் ஆகஸ்ட் 15ல் தண்ணீர் விடுகிறார்கள். கரை வேலை செய்ய முடிந்தது தண்ணீர் நிறுத்தின கோடைக்காலத்தில்தான். நம் ஊர் நடைமுறை என்ன? ஜூனில் அரசாணை, ஜூலையில் டெண்டர், வேலை தொடங்கும்போது வாய்க்காலில் தண்ணீர். அப்புறம் அவசர அவசரமாக மண்ணை அள்ளிப் போட்டு பில் போடுவார்கள். முதல் மழையில் அது வாய்க்காலுக்குள் போய்விடும். பணம் மார்ச்சுக்குள் கைக்கு வர வேண்டும். அத்தோடு, போடுவதற்கு ஒரு தொகை என்றால் வருடா வருடம் பராமரிக்க ஒரு தொகையும் அதே ஆணையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் மறுபடி முள்தான்.

இனி நிலம். இதற்குப் பட்டா நிலம் ஒரு சென்ட் கூடத் தேவை இல்லை. வாய்க்காலுக்கும் கரைக்கும் நம் பாட்டன்மார் நிலம் அப்போதே எடுத்தாகிவிட்டது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? திட்டத்தை நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுத்தால் 2001ஆம் ஆண்டு மாநில நெடுஞ்சாலைகள் சட்டம் வந்துவிடும். 2013 மத்திய நில எடுப்புச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு அதில் கிடையாது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே மாதமே சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள், 2021ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. 2023ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ வாய்க்கால், ஓடையோடு சேர்த்தே நிலத்தை வளைக்க வழி செய்கிறது. கெயில் குழாயும் உயர்மின் கோபுரமும் நம் வயலுக்குள் வந்தபோது "ரோட்டோரமாகக் கொண்டு போ" என்று கத்தினோம், யார் கேட்டார்கள்? சூடு கண்ட பூனைங்க நாம். எனவே பாதை நீர்வளத் துறையின் கையில், பாசன சபைகளின் ஒப்புதலோடு. 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி தேர்தல் நடத்திச் சபைகளை வைத்தது பொன்னாடை போர்த்தவா? வரைபடம் முதலில் அந்தச் சபைகளுக்கு வரட்டும். தமிழில் வரட்டும்.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போட 2020ல் 709 கோடி என்றார்கள். அது வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் நம்மில் இருக்கிறோம். அந்தச் சண்டையால் தலைமடையும் கடைமடையும் முகம் பார்த்துப் பேசாத நிலையும் வந்தது. இந்தக் கரைப்பாதையில் அந்தப் பிரிவு இல்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதே ரோட்டில்தான் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்க. எழுதின நகலை அங்கேயே கையெழுத்தோடு வாங்குங்க. அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளுக்கு யாரும் பஸ்ஸில் வர வேண்டாம், காரில் வர வேண்டாம். அவரவர் ஊர் மதகில் காலை ஐந்து மணிக்குக் கூடி, கரை மேலேயே சைக்கிளில் வந்து, கரை விடாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, ஈரோடு கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் நிறுத்துவோம். பஞ்சர் ஒட்டுகிற சாமானும் அரிவாளும் ஊருக்கு ஒருவர் எடுத்து வரவும். அரிவாள் முள் வெட்டத்தான். போலீஸ்காரங்க கேட்டால் இந்த நோட்டீசைக் காட்டுங்க.