வெளிவராத பிரதி

திண்டுக்கல் இணைய மையங்களில் 2000களில் நம் நண்பர்கள் கண்விழித்து ஆடிய கவுண்டர்-ஸ்டிரைக், வால்வ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் கிளை. அம்மூல ஆட்டத்துக்குச் சேகாவின் டிரீம்காஸ்ட் கருவிக்கென்று ஒரு வடிவம் உருவானது. 2001 சனவரியில் சேகா அக்கருவியின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய முடிந்துவிட்ட ஆட்டத்தை அவ்வாண்டு சூனில் பதிப்பாளரான சியெரா கைவிட்டது. அதற்கென உருவான புளூ ஷிஃப்ட் என்னும் பகுதி மட்டும் கணினிக்கு இடம்பெயர்ந்து பிழைத்தது.

பின்னாளில் யாரோ கசியவிட்ட படி ஒன்றுதான் இன்று நமக்குச் சான்று. ஓட்டம் சீராக இல்லை, மெருகு போதாது. ஆனாலும் முழுமையாக ஆடலாம். இதைத் திருட்டு என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. விற்பதில்லை என்று முடிவான பண்டத்தில் எவருக்கு என்ன நட்டம்?

வளையாபதியை நினைத்துக்கொள்கிறோம். எஞ்சியவை ஏறத்தாழ எழுபது பாடல்கள். பெரும்பாலானவை புறத்திரட்டு தந்தவை. தொகுத்தவர் தேடியது நீதிப் பாடல்களை, காப்பியத்தை அன்று. ஆகவே அறவுரை தப்பியது, கதை போயிற்று. தற்செயல் காப்பாற்றினால் இப்படித்தான் காப்பாற்றும்.

அச்சான நூலின் படியைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்பவேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். கைவிடப்பட்ட மென்பொருளுக்கு அப்படியொரு கடமை ஏன் கூடாது? இருபது ஆண்டுகள் முத்திரையிட்டே வைக்கட்டும், நமக்கு அவசரமில்லை.