வெல்லச எரிந்த கதை யாருடையது?

ஊவாக் கிளர்ச்சியைப் பாடமாக எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: "இது சிங்களவர்களின் போர்தானே சேர், நமக்கு இதில் என்ன?" லயத்திலிருந்து வரும் மாணாக்கன் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. பெயர்களையும் ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பரீட்சைக்கு மனனம் செய்யச் சொல்லும் நாமே இக்கேள்விக்குப் பொறுப்பாளிகள்.

படை வரலாறு என்பது தளபதிகளின் பட்டியல் அன்று. 1815இல் கண்டி ஒப்பந்தம் செய்துகொண்ட ஆங்கிலேயருக்கு எதிராக இரண்டே ஆண்டுகளில் ஊவா எழுந்தது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையே மக்கள் பக்கம் சேர்ந்தார். தேசாதிபதி பிரவுண்றிக்கின் படை வீடுகளை எரித்தது, நெல்லை அழித்தது, கால்நடைகளைக் கொன்றது. பீரங்கி சாதிக்காததைப் பசி சாதித்தது. 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிப்பொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சித் தலைவர்கள்மீது சுமத்தப்பட்ட துரோகிப் பட்டம் மிகப் பிந்தியே நீக்கப்பட்டது.

கிளர்ச்சியை நசுக்க மதராஸிலிருந்தும் சிப்பாய்கள் கொண்டுவரப்பட்டனர். இதனை நம் பிள்ளைகளிடம் மறைக்கலாகாது. ஓர் ஏழையைக் கூலிக்கு அமர்த்தி மற்றோர் ஏழையைச் சுடவைப்பதே ஏகாதிபத்தியத்தின் போர்முறை.

கதை அங்கே முடியவில்லை. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. உறுதிப்பத்திரம் காணாத சேனை நிலத்துக்குக் கிராமவாசி எதைக் காட்டுவான்? கோப்பித் துரைமார் அந்நிலங்களை வாங்கினர். அவற்றில் உழைக்கத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் நம் முன்னோரைக் கடனால் கட்டி இழுத்து வந்தனர். ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்த ஆட்சியே மற்றவனுக்கு லயத்தைக் கொடுத்தது. இதை உணர்ந்த மாணவன், "இது உங்கள் வரலாறு அன்று" என்னும் பேரினவாதிக்கும், "நமக்கேன் அவர்கள் கதை?" என்னும் நம்மவருக்கும் ஒரே விடையைக் கூறுவான்.

கற்பிக்கச் சாதனங்கள் இல்லையென்று சிலர் கைவிரிக்கின்றனர். படமும் நூலும் வேண்டும். அவற்றைத் தமிழில் கேட்டுப் பெறப் போராடவும் வேண்டும். ஆனால் அதுவரை வகுப்பைப் பட்டினி போடலாமா? பதுளை நகரின் புனித மாற்கு ஆலயத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். யானைகளைக் கொன்று குவித்துப் பெயர்பெற்று, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸின் நினைவாக எழுந்தது அது. வெல்லசவில் பசியால் மாண்டோருக்கும், மலைப்பாதையில் விழுந்த தொழிலாளருக்கும் இப்படியொரு ஆலயம் எங்கே என்று கேட்கச் செய்யுங்கள். பாட்டியின் நினைவுகளை எழுதிவரச் சொல்லுங்கள். அடுத்த சிங்களக் கிராமத்து முதியவரின் நினைவுகளையும் கேட்டு வரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, எரித்தவர்கள் எழுதிவைத்த ஏடுகளை மட்டும் நம்பி எரிந்தவர்களின் கதையைச் சொல்ல முடியாது. அதைச் சொல்லாத வகுப்பறை, பிரவுண்றிக்கின் வேலையை இன்றும் தொடர்கின்றது.